மெழுகுக் கறை

ஒரு பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. கம்பெனி ஸ்டோரில் கோணல் ஆணியைக்கூட நிமிர்த்தி வைப்பேன். அந்தப் புத்திதான் என் குடியைக் கெடுத்தது.

எழுபத்து நாலில் பென்னலூரில் இருந்த எங்கள் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சுவரில் இருக்கும் பித்தளைத் தீயணைப்பான்களைக் கழற்றிவிட்டு, பவுடர் அடைத்த புதியவற்றை மாட்ட வேண்டும். பழையதில் இருந்த கார்பன் டெட்ராகுளோரைடு நெருப்பில் பட்டால் விஷவாயு ஆகிவிடுமாம். எழுத்துக் கூட்டி அதுவரை படித்தேன். இரண்டு பக்கத்திலும் படித்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

"யேசுராஜ், அத்தத் தூர எடுத்துனு போயி ஊத்திடு," என்றார் சூப்பர்வைசர் கோதண்டம்.

தண்ணீர் போலத் தெளிவான திரவம். எப்பேர்ப்பட்ட பிசுக்கையும் எடுக்கும் என்பது ஃபிட்டர்கள் எல்லாருக்கும் தெரியும். அதைப் போய் மண்ணில் ஊற்றுவதா? நாலு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவி அற்புதமேரி எங்கள் ஊர் மாதா கோயிலின் பீடத்துணிகளைத் துவைப்பவள். மெழுகுவர்த்தி சொட்டிய கறைதான் அவளுக்கு ஜென்ம விரோதி.

"இன்னாங்க, ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது? கெடுதி ஒண்ணும் இல்லியே?"

"காயிதத்த நான் படிச்சிட்டேன். நெருப்பாண்ட வெக்காத, அவ்ளோதான்."

மெழுகு கரைந்ததைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். திருவிழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. புழுதி படியாமல் இருக்கக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு துணியையும் அதில் நனைத்துக் கையால் தேய்த்து முடித்தாள். சாயந்திரம் தலை சுற்றுகிறது என்றாள். வெயில் என்றேன்.

மறுநாள் வாந்தி. மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். சிறுநீர் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கேட்டுக் கேட்டு விசாரித்தார். பாட்டிலைப் பற்றிச் சொன்னதும் அந்த மருந்தின் பெயரைக் கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அடக்கப் பூசையின்போது பீடத்தில் அவள் தேய்த்த துணிதான் விரித்திருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் அந்த இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். நெருப்பே வேண்டாம், மூச்சில் போனாலே ஈரலையும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும், மூடிய அறையில் திறக்கவே கூடாது என்று போட்டிருந்தது. அடியில் என் கையெழுத்து.

படித்துவிட்டேன் என்று சொன்னேனே. அதை நம்பி, அன்றைக்கு அடுப்பைக்கூட அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள், பாவி மகள்.