வேலி துடிக்கும்போதெல்லாம்

கேபிள் மறுபடியும் இணைப்பை விட்டது. திரையில் பாதி தூரம் வந்த பட்டை அப்படியே நின்றது.

சாமைக் கொல்லையின் ஓரத்தில், இரும்புக் கம்பத்தில் பொருத்திய பெட்டிக்குக் கீழே பூவரசன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். பன்றி விரட்டும் பெட்டி, அவனே செய்தது. எதிரே ஏதாவது அசைந்தால் அவன் மனைவி செவ்வந்தியின் குரல் கத்தும். சோதனைக்காக அந்தக் குரலைத் தற்காலிக நினைவகத்தில் ஏற்றியிருந்தான். மின்சாரம் போனால் அழிந்துவிடும். நிரந்தரமாக எழுதுவதற்குள் அவள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அந்த ஊரில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. அவளும் சொன்னதில்லை. மைக்கை நீட்டிய அன்றைக்குத்தான் குறும்பு வந்தது.

“ஏய் பூவரசா! சாமையில இன்னா வேல ஒனக்கு? வூட்டுக்குப் போ!”

“இன்னாடி, பேரச் சொல்ற?”

“பன்னியக் கூப்ட்டேங்க. ஒங்களயா கூப்ட்டேன்?”

ஒரு வாரமாக வானம் மூடாக்கு. சோலார் தகடு சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரியைக் கழற்றி மாற்றினால் அந்தக் கணமே குரல் போய்விடும். கேபிள் வழியாக இறக்கிக்கொள்வது ஒன்றுதான் வழி.

நீளக் கேபிளை எடுத்துவிட்டுக் குட்டையாக ஒன்றைப் போட்டான். போர்ட்டை மாற்றினான். வேகத்தைக் குறைத்தான். பட்டை நத்தையாக நகர்ந்து, திரும்பவும் அறுந்தது.

மாமனார் முனியன் வந்து குனிந்து பார்த்தார். “இன்னா மாப்ள, ஒயரு போச்சா?”

“ஒயரு நல்லாத்தான் கீது மாமா. நடுவுல எதுவோ ஒதைக்குது.”

மறுபடி தொடங்கினான். டிக் என்றது பக்கத்தில். சோலார் வேலியின் துடிப்பு. பட்டை நின்றது.

பூவரசன் நிமிர்ந்தான். வேலியின் எர்த் கம்பி பெட்டிக் கம்பத்திலேயே சுற்றியிருந்தது. தனிக்குழி தோண்ட அலுத்துக்கொண்டு முனியன் கட்டியது. ஒவ்வொரு துடிப்பும் கம்பம் வழியாகக் கேபிளில் பாய்ந்திருக்கிறது.

“வேலிய நிறுத்தணும் மாமா.”

முனியன் காட்டுப் பக்கம் பார்த்தார். கதிர் முற்றியதிலிருந்து பன்றிகள் பகலிலேயே இறங்கின. “நேத்து பக்கத்துக் கொல்லையில பூந்துச்சு. ஒரு கதிரு மிஞ்சல.”

பேட்டரி விளக்கு சிவப்பாகியிருந்தது. வேறு இடத்தில் கம்பி நட நேரமில்லை.

“பொண்ணு கொரலா சாமையான்னு கேக்குற,” என்றார் முனியன். போய் வேலியை அணைத்தார். தடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார்.

பட்டை அறுபடாமல் நகர்ந்தது.

கீழ்மூலையில் புதர் சலசலத்தது. குரலை இறக்கும் வரை பெட்டி கத்தாது. முனியன் தடியை ஓங்கியபடி ஓடினார். “ஏய் பூவரசா! வூட்டுக்குப் போ! போ!”

தன் பேரைக் கேட்டும் அவன் திரும்பவில்லை. பட்டையையே பார்த்திருந்தான். முடிய ஒரு விரற்கடை இருக்கும்போது பெட்டியின் விளக்கு அணைந்தது.

முனியன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “வந்துச்சா? போடு.”

அவன் போட்டான்.

“ஏய் பூவரசா! சாமையில இன்னா வேல ஒனக்கு? வூட்டுக்கு…”

“மிச்சம்?”

“‘போ’ வர்ல மாமா.”

முனியன் வேலியை மறுபடி முடுக்கினார். டிக்.

“அவ எப்போடா ஒன்னப் போன்னு சொன்னா,” என்றார், முதுகைக் காட்டிக்கொண்டு.

பூவரசன் கேபிளைச் சுருட்டினான். கீழ்மூலையில் சாமை படுத்துக் கிடந்தது.