ரோண்டாவுக்கு எவ்வளவு கைமுதல் வேண்டும்

1

இந்தக் கதை ஒரு கணக்கில் பிறந்தது. லாஸ் வேகாஸில், மாலைக் கணக்கு வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை ரோண்டாவுடையது. பகலெல்லாம் பல் கிளினிக்கில் ஊரார் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறவள். "போக்கர் சீட்டாட்டத்துல கைமுதல் எவ்வளவு இருந்தா வேலைய விடலாம்?" என்று கேட்டாள். கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கதையைத்தான் முடிக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: ரோண்டா பிறவியிலேயே துணிச்சல்காரி, சீட்டு அவள் கைக்கு வந்தாலே

(விட்டுவிட்டேன். அவள் துணிச்சல்காரி இல்லை. அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து கழுத்து போனவள்.)

இரண்டாம் தொடக்கம்: மேசையில் ஒருமுறை உட்கார முந்நூறு டாலர். நல்ல ஆட்டக்காரருக்கும் தொடர்ந்து சறுக்கும் காலம் வரும். அதைத் தாங்க முப்பது மடங்கு, அதாவது ஒன்பதாயிரம், கையில் வேண்டும் என்பார்கள். ரோண்டாவிடம் பன்னிரண்டாயிரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயித்துச் சேர்த்தது. அடுத்த திங்கட்கிழமை வேலையை விடுவதாக இருந்தாள்.

இதையே வைத்துக்கொள்கிறேன். அழகில்லை, ஆனால் பொய்யுமில்லை.

3

அவள் கணவன் வெண்டல் விமான நிலைய வேன் ஓட்டுகிறவன். அவனை முதலில் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"வாடகை எதுலேர்ந்து வரும்?"

"ஜெயிக்கிறதுலேர்ந்து."

"ஜெயிக்காத மாசம்?"

"அதுக்குத்தானே கைமுதல்."

"ஒரே பணத்துக்கு ரெண்டு வேலை குடுக்கற. நானே ஒரு வேலைதான் பாக்கறேன்."

அவள் முறைத்தாள். அவன் விடவில்லை. "இந்த ஞாயித்துக்கிழமை சம்பளமே இல்லன்னு நெனச்சுக்க. வாடகைப் பணமும் அந்தக் கைமுதல் பைக்குள்ளயே இருக்கட்டும். அதுலேர்ந்து எடுத்து ஆடு, பாப்போம்."

4

ஞாயிறு மதியம். ரோண்டாவுக்கு இரண்டு ராஜா வந்தது.* எதிரே லானி. ஓய்வுபெற்ற பிளம்பர், எந்தக் குப்பைச் சீட்டுக்கும் பணத்தைத் தள்ளுகிறவர். தன் பந்தயச் சிப்புகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். வேறு எந்த ஞாயிறானாலும் ரோண்டா யோசிக்காமல் அதற்கு ஈடாகத் தன் சிப்புகளையும் தள்ளியிருப்பாள். அன்று வாடகையை நினைத்தாள். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகிக்கொண்டாள்.

லானி தன் சீட்டை விரித்துக் காட்டினார். வெறும் இரண்டு ஒன்பது.

"என்ன ரோண்டா, வீட்டு ஓனரை மடியில உக்கார வெச்சுக்கிட்டா ஆடற?"

மேசையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

*கையில் வரும் ஜோடிகளில் இதற்கு மேலானது ஒன்றுதான்: இரண்டு ஏஸ்.

5

என் கணக்கில் தப்பு இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆனால் அதில் நான் போட்டது சம்பளக்காரி ரோண்டா ஜெயித்த விகிதம். தோற்றாலும் வெள்ளிக்கிழமை சம்பளம் வரும் என்று ஆடியவளுடையது. வேலையை விட்டவள் எப்படி ஆடுவாள் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கிறது.

முடிவு அ: வேலையிலேயே இருக்கிறாள். (எழுதினேன். நானே அவளைத் தண்டித்தது போலிருந்தது.)

முடிவு ஆ: விடுகிறாள், போகப்போகப் பயம் பழகிவிடுகிறது, பழகியதும்

(தெரியவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். திங்கள் காலை கிளினிக் வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்தக் கணக்க இன்னொரு தடவ போடேன். இப்ப எவ்வளவு வருது?"

"யாருக்குப் போடறது ரோண்டா? நேத்து ஆடினவளுக்கா, அதுக்கு முன்னாடி ஆடினவளுக்கா?"

உள்ளே அன்றைய முதல் நோயாளி வந்து உட்கார்ந்திருப்பார்.

அவள் இன்னும் காரில்தான் இருக்கிறாள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, களைத்துவிட்டேன். போனை வாங்கி நீங்கள் பேசுங்கள். தொகை எதையும் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்பிவிடுவாள்.