வெறுமையாய்ப் போன கோப்பைகள்

12 ஜூலை 2025, சனி. இன்று சிறிய பிழை ஒன்று விட்டேன். அயல் வீட்டுக் கோப்பைகளைக் கழுவி, உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெறுமையாக.

அஸ்ரியா எழுதியதைத் திரும்ப வாசித்தாள். 'சிறிய' என்பதை வெட்டினாள். வெட்டியது சரிதானா என்றும் தெரியாமல் பேனையை மூடினாள்.

திங்கட்கிழமை லொறி வரும். குறிஞ்சிப்பிட்டியை விட்டுப் புத்தளத்தில் வாடகை வீட்டுக்குப் போவதே அவளுக்காகத்தான். அங்கே நடக்கும் மாலைக் கணக்கியல் வகுப்பு முடியுமுன் ஊருக்கு வரும் கடைசி பஸ் புறப்பட்டுவிடும். எந்தப் பாடத்தையும் அவள் முழுதாகக் கேட்டதில்லை. உம்மா சுல்பா இடம்பெயரச் சம்மதித்தது, பக்கத்து வீட்டு பளீலா கொடுத்த வாக்கை நம்பி. வெள்ளிக்கு வெள்ளி பஸ் ஏறி வருவதாக அவள் சொல்லியிருந்தாள். அது இல்லாவிட்டால் உம்மாவுக்குப் புத்தளத்தில் பேச ஆளில்லை.

காலையில் குசினி அலுமாரியிலிருந்து சமையல் சாமான்களை இறக்கியபோது, பிறர் வீட்டுக் கோப்பைகள் அடுக்கடுக்காக வந்தன. நோன்புக்கும் பெருநாளுக்கும் பண்டம் போட்டு வந்து அப்படியே தங்கிப்போன கிண்ணங்கள். எது எவருடையது என்பதில் குழப்பமில்லை. ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கோப்பையின் அடியில் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் ஓர் அடையாளம் போட்டிருப்பார்கள். பளீலாவுடையது சிவப்புப் பொட்டு. அஸ்ரியா வீடு வீடாகப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எவருடைய சாமானும் இனித் தங்களிடம் இல்லை என்பதில் அவளுக்கு நிம்மதி.

பகல், கடைக்குப் போயிருந்த உம்மா வந்து அலுமாரியைப் பார்த்தாள்.

"கோப்பையெல்லாம் எங்க புள்ள?"

"ஆக்கள்ட சாமான ஆக்களுக்கே குடுத்துட்டன் உம்மா."

"என்னத்தப் போட்டுக் குடுத்த?"

"ஒண்டும் போடல்ல. நல்லாக் கழுவித்தான்..."

சுல்பா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஊட்டுல ஒரு புடி சீனி இல்லையா? ரெண்டு முருங்கக்காய் இல்லையா? வெறுங்கோப்பையக் குடுத்தா, இனிப் போக்குவரத்து இல்லண்டு அர்த்தம். அதுவும் ஊர விட்டுப் போற நேரத்துல! பளீலா என்ன சொன்னா?"

அஸ்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் பளீலா கோப்பைக்குள் ஒரு தரம் பார்த்தாள். "சரி, அப்ப முடிஞ்சு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பில் ஏதோ கிடக்கிறதாக்கும் என்று அஸ்ரியா நினைத்திருந்தாள்.

"நீங்க ஒருக்காப் போய்ச் சொல்லுங்களன் உம்மா."

"நான் போனா ரெண்டு பேரும் அழுதுட்டு நிப்பம். குழப்பினது நீ, நீயே போ."

பளீலா வீட்டு வேலியோரம் நின்று அஸ்ரியா இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை. உள்ளே பளீலா இறால் பொரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மாமி, அந்தக் கோப்பையத் திருப்பித் தாங்க."

"ஏன், கழுவினது காணாதா?"

"வெறுமையாக் குடுக்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியல்ல. உம்மா இல்லாத நேரம் நானாக் கொண்டுவந்தது. உம்மா நல்லா ஏசிட்டா."

பளீலாவின் அகப்பை நின்றது. "சுல்பாவுக்குத் தெரியாதா?"

"அல்லாஹ்வறியத் தெரியாது மாமி."

"அடி மக்குப் புள்ள! உன்ட உம்மா என்னக் கழிச்சு விட்டாளெண்டு பகல் சோறும் தின்னாம நிக்கிறன் நான். கணக்குப் படிக்கிறாவாம், கணக்கு!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிவப்புப் பொட்டுக் கோப்பையை எடுத்து, பொரித்த இறாலை அள்ளிப் போட்டாள்.

"ஐயோ மாமி, நாங்கதான் போட்டுத் தரோணும்!"

"வெறுங்கோப்பை தர எனக்கென்ன பைத்தியமா? புத்தளத்துக்குக் கொண்டு போ. வெள்ளிக்கிழமை வந்து எடுக்கிறன். உன்ட உம்மா என்னத்தப் போட்டுத் தாறாளெண்டு பாப்பம்."

வீட்டில் உம்மா இறாலைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கட்டி வைத்திருந்த கோப்பைப் பெட்டியை அவிழ்த்தாள். "மத்த ஊடுகளுக்கு எங்கட கோப்பையில போட்டுக் குடுப்பம். கோப்பை அங்கயே கிடக்கட்டும், திருப்பித் தர வரத்தானே வேணும்."

மூடிய பேனையை அஸ்ரியா மறுபடி திறந்து, பிழைக்குக் கீழே எழுதினாள்:

நாளை காலை தேங்காய் துருவிக் கொழுக்கட்டை அவிக்க வேண்டும். சூடு ஆறுமுன் மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும்.