காளியாயி விலகவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு வளைவு. தேயிலைத் தோட்டத்து அதிகாரியான துரையின் பங்களாவில், சரிவான புல்வெளியில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, இடுப்பில் கைவைத்து ஒரு பெண் நின்றாள். ஓட்டுகிறவனைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது. வண்டி நின்றதா? தெரியாமல்தான் எழுதுகிறேன்.

2

'1962ஆம் ஆண்டு மாசிப் பனியில் தேயிலை மலைகள்...'

(வேண்டாம். பனியில் தொடங்கினால் ஆட்கள் வந்து சேர்வதற்குள் பக்கம் முடிந்துவிடும்.)

அவனுக்கு ஆண்டியப்பன் என்று பெயர் வைத்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். அவள் காளியாயி, கொழுந்து பறிப்பவள். புதிதாகக் கல்யாணமானவர்கள். லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரே அறையில் அவன் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார்கள். நடுவே தொங்கும் பழைய சேலைதான் சுவர். துரை சொல்லியிருக்கிறார்: வண்டியின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் திருத்தி, சனிக்கிழமை ஓட்டிக் காட்டினால் அவன்தான் டிரைவர். பங்களாவுக்குப் பின்னால் உள்ள தனி அறையும் அவனுக்கே.

(வாய்விட்டுச் சிரிக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை சுவர் வேண்டும்? கதையை விட்டுவிட்டு இதையே வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.)

3

வண்டி எப்போதும் பள்ளத்துப் பக்கமே இழுத்தது. ஆண்டியப்பன் முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியைத் திருகி, சக்கரங்களைச் சற்றே மேட்டுப் பக்கம் திருப்பிவைத்தான். புல்வெளியின் குறுக்கே மறுகோடிவரை வண்டி நேராகப் போனது.

கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த காளியாயி வேலியருகே நின்று பார்த்தாள்.

"பாத்தியா புள்ள, நூலு புடிச்ச மாதிரி!"

"போனது சரி மாமா. திரும்பி வாங்க."

திரும்பினான். இப்போது பள்ளம் மறுபக்கம். வண்டி துரைசானியின் ரோஜாப் பாத்திக்குள் பாய்ந்தது.

"போறதுக்கு மட்டும் சரி பண்ணியிருக்கீங்களே! வீட்டுக்கு வர்ற எண்ணமே இல்லியா?"

"அடி போடி. இத சமதரையில வச்சுல்ல திருத்தணும். இந்தத் தோட்டத்துல சமதரைய எவன் கண்டான்?"

"பெரட்டுக்களம் என்னவாம்? தெனமும் காலையில பேர் குடுக்க அந்தச் சமதரையிலதானே வரிசையா நிக்கிறோம்!"

(சரிவிலேயே பிறந்து சரிவிலேயே நடப்பவன் செய்யக்கூடிய பிழை. சாய்வையும் சேர்த்தே கணக்குப் போட்டுப் பழகியவனுக்கு, சாய்வில்லாத இடத்தில் தொடங்கலாம் என்று தோன்றவில்லை. அதுவரை அவன் எனக்கு வெறும் பெயர். பாத்திக்குள் உட்கார்ந்து தலையைச் சொறிந்தானே, அப்போதுதான் பிடித்துப்போனது.)

4

பெரட்டுக்களத்தில் ஸ்டியரிங் நேரானது. மிச்சம் பிரேக். நட்டை இறுக்கினால் சக்கரம் உரசியது, தளர்த்தினால் வண்டி சரிவில் நழுவியது. வெள்ளிக்கிழமை மாலை, இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் அகப்பட்டதாக ஆண்டியப்பன் சொன்னான். வண்டியைப் புல்வெளியின் மேட்டில் ஏற்றினான். காளியாயி சரிவின் அடியில் போய் எதிரே நின்றாள்.

"அடியே, வெலகு! வெளையாடாத!"

"நாளைக்குத் துரை நிப்பாரு. இன்னைக்கு நான் நிக்கிறேன். வாங்க."

அவளை விலக்கி எழுதிப் பார்த்தேன். 'காளியாயி பயந்துபோய்...' இல்லை, அவள் நகரவில்லை. வண்டி அவள் சேலையைத் தொட்டு நிற்பதாக ஒரு முடிவு எழுதினேன், சினிமாவாக இருந்தது. நிற்காமல் போக, அவள் துள்ளி விலக, அறை கைவிட்டுப் போவதாக இன்னொன்று. தொங்கும் சேலைக்குப் பின்னால் அவளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

5

நட்டை என்னால் முடிந்த அளவு இறுக்கியிருக்கிறேன். வண்டி இறங்குகிறது. சுவரே இல்லாத அந்த வெளியில் நின்று அவள் சிரிப்பது பஸ்ஸுக்குள் எங்களுக்கும் கேட்கிறது.

பிரேக் இப்போது உங்கள் காலடியில். அந்த அறை அவளுக்கு வேண்டும் என்று நினைப்பவர்கள், மிதியுங்கள்.