எங்கள் வீட்டு மூக்கு

என் கல்யாணப் பேச்சு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் முரண்டு பிடித்தார்கள். நான் போய்விட்டால் கேஸ் கசிகிறதா என்று யார் முகர்ந்து பார்ப்பது?

சிரிக்காதீர்கள். நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஒரு விஷக் காய்ச்சல் வந்து அப்பா, அம்மா, அத்தை எல்லாரையும் ஒன்றாகப் படுக்கவைத்தது. காய்ச்சல் போகும்போது அவர்களுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு சோப்பும் சாக்கடையும் அவர்களுக்கு ஒன்றுதான். விடுமுறைக்கு வந்த நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அன்றோடு என் பெயர் போயிற்று. வீட்டில் எல்லாருக்கும் நான் ‘மூக்கு’.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் முறைப்படி செய்தாக வேண்டும் அவருக்கு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் நின்றபடி முகர்ந்தால் செல்லாது. மண்டியிட்டு, கையை ஊன்றி, சிலிண்டர் காலடியில் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கும் முன், அணைத்த பின், வெளியே கிளம்பும்போது என்று நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இதே தவழல். நான் “இல்ல” என்று சொல்லாமல் அம்மா லைட்டரைத் தொட மாட்டாள்.

எனக்குச் சளி பிடித்தால் அன்று வீட்டில் உலை ஏறாது. சளிக்கு ஆவி பிடிக்கலாம் என்றால் வெந்நீர் வேண்டும், வெந்நீருக்கு அடுப்பு வேண்டும், அடுப்புக்கு என் மூக்கு வேண்டும். பக்கத்து வீட்டில் போய் ஆவி பிடித்துவிட்டு வருவேன்.

மாப்பிள்ளை கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். என் அலுவலகத்துக்கு எதிரே அவருடைய பட்டறை. பார்த்தோம், பேசினோம், பிடித்துப்போயிற்று. அவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பொண்ணு மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா,” என்றார் அவருடைய அம்மா.

“முழியை நீங்க எடுத்துக்கங்க. மூக்கு எங்களுக்கு வேணும்,” என்றாள் அத்தை.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, உங்களுக்கு வாசனை தெரியுமா?”

“பெயிண்ட் அடிச்சு அடிச்சு அதெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு சார்.”

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அங்கேயே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இந்த மூக்கை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க இந்தச் சிலிண்டருக்கே வாழ்க்கைப்பட வேண்டியதுதானா?

ஆனால் மாப்பிள்ளை விடாக்கண்டன். மறுநாளே ஒரு வெள்ளை டப்பாவோடு வந்து நின்றார். கேஸ் கசிந்தால் கத்தும் டப்பா. “சார், இது உங்க பொண்ணைவிட நல்லா மோந்து பாக்கும்,” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தரைக்குச் சற்று மேலே சுவரில் மாட்டினார். கல்யாணத்துக்குத் தேதி குறித்தார்கள். ஒரு டப்பாவுக்குப் பதிலாக என்னைக் கொடுத்தார்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தபின் ஒரு காலை அம்மாவிடமிருந்து ஃபோன். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“மூக்கு, நாங்க வெளிய கிளம்பறோம். கொஞ்சம் மோந்து பாரு.”

“எதைம்மா?”

“ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு சிலிண்டர்கிட்ட வெச்சிருக்கோம். அப்பாதான் தரையில படுத்துப் பிடிச்சிட்டிருக்கார்.”

“டப்பா என்னாச்சு?”

“அத்தை முழங்காலுக்கு ஸ்ப்ரே அடிச்சாக்கூட ஒப்பாரி வைக்குது. அப்பா பிளக்கைப் பிடுங்கிட்டார்.”

“ஃபோன்ல வாசனை வராதும்மா!”

“மோந்தே பாக்காம சொன்னா எப்படி?” அத்தையின் குரல்.

“சீக்கிரம்மா, கை வலிக்குது,” என்றார் அப்பா, தரையிலிருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களிடம் பேசிப் புண்ணியமில்லை. அவர்கள் காதில் விழட்டும் என்று வீம்புக்கு மூச்சைப் பலமாக உள்ளே இழுத்தேன்.

வந்தது. சந்தேகமே இல்லை, கேஸ் நாற்றம்.

இத்தனை காலப் பழக்கம், வாய் தானாகப் பேசிவிட்டது. “அம்மா, வருது! ரெகுலேட்டரை மூடுங்க, ஜன்னலைத் திறங்க. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. எல்லாரும் வெளிய போங்க!” அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டது, அத்தை அலறினாள், கதவு படாரென்று திறந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாற்றம் என் வீட்டில்.

ஃபோனும் கையுமாக ஓடினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. என் கணவர் அடுப்புக்கு முன்னால், கையில் லைட்டரோடு, ஒன்றும் அறியாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“அணைஞ்சுபோச்சு. பத்தவெச்சு விடறேன்,” என்றார்.

“தொடாதீங்க!”

அவர் கையை விலக்கிவிட்டு, அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னலைத் திறந்து, ஃபேன் போடப்போன அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன். அப்படியே படியில் உட்கார்ந்தேன். லைட்டர் இன்னும் அவர் கையில் இருந்தது. அதைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஃபோனில் அம்மா மூச்சு வாங்கினாள். “எல்லாரும் தெருவுக்கு வந்துட்டோம். பக்கத்து வீட்டுக்காரங்களையும் இறக்கிட்டோம்.” பின்னால் அப்பா யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க இருந்துகிட்டு கண்டுபிடிச்சிருக்கா பாருங்க!”

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், மோப்பமில்லாத மாப்பிள்ளையோடு நீ இருந்தது போதும் என்று அடுத்த வண்டியில் வந்து நிற்பார்கள். சொல்லாவிட்டால் தினமும் அப்பா தரையில் படுப்பார். ஆனால் இந்தப் பைத்தியக்கார ஃபோன் வராமல் இருந்திருந்தால், துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். அம்மாமேல் இருந்த கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்தது.

“மூக்கு, இப்ப எப்படி இருக்கு?”

எழுந்து போய் எங்கள் வாசற்படியில் மண்டியிட்டேன். கையை ஊன்றி, முகத்தைத் தரையோடு கொண்டுபோய் முகர்ந்தேன்.

“இன்னும் லேசா இருக்கும்மா,” என்றேன். “கொஞ்ச நேரம் வெளியவே நில்லுங்க.”