கடல் படிக்கும் நம்பர்

எங்கள் ஊர்க் கடல், தொலைந்த பொருளில் எழுதியிருக்கும் படகு நம்பரைப் படித்துப் பார்த்து, அந்தந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். நம்பர் இல்லாததைத் தானே வைத்துக்கொள்ளும். அதனால் படகின் இரண்டு பக்கமும், கேபின் கூரைமேலும், மிதவையிலும், நங்கூரத்திலும் எழுதி வைக்கிறோம். எழுத்து ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. வெள்ளைமேல் வெள்ளையில் எழுதக் கூடாது. துணியோ கயிறோ தொங்கவிட்டு மறைக்கக் கூடாது. ஆட்களுக்கும் இதே விதிதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்களெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்காருவார்கள். பெண்கள் நாங்கள் அவர்கள் முதுகில் எழுதுவோம்.

என் வீட்டுக்காரர் தஸ்நேவிசுக்குப் பெயிண்ட் ஒத்துக்கொள்ளாது. முதுகெல்லாம் தடித்து, நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார். பாவம் என்று நான் சுண்ணாம்பில்தான் எழுதிவந்தேன். எழுதி முடிப்பதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அவர் குறட்டை இருக்கிறதே, அப்பப்பா, ஐஸ் கம்பெனி மோட்டார் தோற்றுப்போகும். ஒருநாள் கடுப்பில் கைக்குக் கிடைத்த கண்மையால் அந்தக் குறட்டைமேலும் எங்கள் நம்பரை எழுதினேன், சின்னதாக, விரல் நீளத்துக்கு.

"இது தொலைஞ்சா கடல் வேற எவ வீட்டுலயாவது கொண்டுபோய் வச்சிரப் போவுது" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

பக்கத்துத் தெருக் கஸ்பார் அண்ணன் படகில் ஒருநாள் ஆள் குறைந்தது. இவர் ஒத்தாசைக்குப் போனார். அப்படிப் போகிறவர் முதுகில் அந்தப் படகின் நம்பரைத்தான் எழுத வேண்டும். கஸ்பார் அண்ணன் மனைவி செலஸ்டினா மயினி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். கப்பல் பெயிண்டில், ஒன்றுக்கு இரண்டு கோட் போட்டு எழுதி அனுப்பிவிட்டார். இவர் திரும்பி வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். போகவே இல்லை.

"தன்னால போயிரும், விடுட்டி" என்றார். நானும் அதற்குக் கீழே எங்கள் நம்பரைச் சுண்ணாம்பில் எழுதி விட்டுவிட்டேன்.

அந்த வாரமே காற்றில் எங்கள் படகு கவிழ்ந்தது. மறுநாள் விடிந்தபோது படகு வாசலில் நின்றது. மிதவைகள் வந்திருந்தன, நங்கூரம் வந்திருந்தது, அவர் கஞ்சி கொண்டுபோன தூக்குவாளிகூட மூடியோடு வந்திருந்தது. அவர் மட்டும் வரவில்லை. சுண்ணாம்பு கரைந்துபோனதால், அதற்கு மேலே இருந்த பெயிண்ட் நம்பரைக் கடல் படித்து, அவரைக் கஸ்பார் அண்ணன் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தது.

ஓடினேன். அவர் கஸ்பார் அண்ணனோடு உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார். முந்தின நாள்வரை அவர் மயினி என்று கூப்பிட்டது செலஸ்டினாவைத்தான்.

"வாங்க மயினி. வீட்ல அண்ணன் நல்லாருக்காவளா?" என்று என்னைக் கேட்டார்.

"நல்லாருக்காவ" என்றேன். வேறென்ன சொல்ல? செலஸ்டினா மயினி அழுதுகொண்டே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவரைத் திட்டவும் வழியில்லை. விதிப்படிதானே எழுதினார்.

மீன்துறை அதிகாரியிடம் போய் முறையிட்டேன். "கடல் எந்த நம்பர் வாசல்ல வைக்குதோ அந்த வீட்டு ஆளுதான். அந்தப் படகை உடைச்சாத்தான் அதோட நம்பரை அழிக்க முடியும்மா" என்றார். அதைக் கேட்டதும் கஸ்பார் அண்ணன் கோடரியைத் தூக்கிக்கொண்டு கரைக்கே போய்விட்டார். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அவருடைய மூன்று பொம்பளைப் பிள்ளைகளுக்கும் சோறு போடுவது அந்தப் படகு. உடைந்து தொலையட்டும் என்று நினைக்க மனசு வரவில்லை. நல்லா இருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்க வாயும் வரவில்லை. அரித்தால் அரித்துவிட்டுப் போகிறது என்று நானும் பெயிண்டிலேயே எழுதியிருக்கலாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் தடிப்பு இறங்கியிருக்கும். அதை நினைத்துத்தான் இப்போதும் அழுகிறேன்.

செலஸ்டினா மயினி அவ்வப்போது வந்து அவர் சாப்பிட்டார், குளித்தார் என்று சொல்லிவிட்டுப் போவார். "தூங்கும்போதுதான் பயமா இருக்குட்டி. ஒரு சத்தமும் இல்ல. எங்க வீட்டுக்காரவ போயி அவரு மூக்குல கை வச்சுப் பாக்காவ" என்றார் ஒருமுறை.

நேற்றுக் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். குறட்டை இருந்தது. நனைந்து, உப்புப் பூத்து, ஓரத்தில் கொஞ்சம் பாசி ஒட்டியிருந்தது. கண்மை கரையவில்லை. உள்ளே எடுத்துவந்து துடைத்து, அவர் பாயை விரித்துப் படுக்க வைத்தேன். வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மதியம் அதிகாரி படகைச் சோதனை போட வந்தார். வாசலில் நின்று குறட்டையைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கேம்மா. சாண் அளவுக்குத் திருப்பி எழுதிருங்க. இன்னொரு தடவை தொலைஞ்சா கடலோட கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

செலஸ்டினா மயினி வீட்டுக்குப் போய்க் கப்பல் பெயிண்ட் வாங்கிவந்தேன். இதற்கும் அரிக்குமோ என்று கொஞ்சம் யோசித்தேன். தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறட்டை முழுசாக வெளியே வந்து ஒரு நொடி நிற்கும் இடம் பார்த்து, முதல் எழுத்தை எழுதினேன்.