தையல் பீரியடில் நீலம்

கணக்கு சார் வாசலில் வந்து நின்றபோது என் இரண்டு கைகளும் டிரம்முக்குள் இருந்தன. முழங்கை வரை ரப்பர் கையுறை, மூக்கு நுனியில் மூக்குக்கண்ணாடி, இடுப்பில் செருகிய முந்தானை. பின்னால் எட்டாவது ‘பி’ வகுப்பு மொத்தமும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையில் வழக்கம்போல சாக்பீஸ் டப்பாவும் கரும்பலகையில் கோடு போடும் நீளமான மர ஸ்கேலும் இருந்தன. “டீச்சர், இந்த பீரியட மட்டும் குடுத்துட்டீங்கன்னா அல்ஜீப்ராவ முடிச்சிடுவேன்” என்றார்.

இந்த ‘மட்டும்’ எனக்குப் புதிதல்ல. பரீட்சை வந்தால் கேட்பார். பரீட்சை முடிந்தால் விடைத்தாள் கொடுக்கக் கேட்பார். இரண்டும் இல்லாவிட்டால், இப்போது இல்லாவிட்டால் எப்போது என்று கேட்பார். நானும் கொடுத்துக்கொண்டுதான் வந்தேன். அதைப் பெரிய தியாகம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். கைக்குட்டைக்கு ஓரம் மடித்துத் தைப்பது, சட்டைக்குப் பொத்தான் வைப்பது என்று வருஷா வருஷம் அதையே சொல்லிக்கொடுத்து எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அவர் பாட்டுக்குக் கணக்குப் போடுவார், நான் பாட்டுக்கு ஆசிரியர் அறையில் டீ குடிப்பேன்.

“இன்னிக்கு முடியாது சார்” என்றேன்.

அவர் சாக்பீஸ் டப்பாவை மறு கைக்கு மாற்றினார். “ஏன் டீச்சர், உடம்புக்கு ஏதாவது முடியலையா?”

உடம்புக்கு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் சரியில்லை என்று எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அவர் நல்ல மனுஷி, குரலை உயர்த்தவே மாட்டார், அதனால் எதிர்த்துக் கத்தவும் வழி கிடையாது. “அடுத்த வருஷத்துலேர்ந்து தையல் பீரியட எடுத்துடலாம்னு ஒரு யோசனை. பேரண்ட்ஸ் எல்லாரும் கணக்குக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் கேக்கறாங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்டோர் ரூம் சாமானெல்லாம் நீங்க பாத்துக்கலாம்” என்றார். “அடுத்த வாரம் சனிக்கிழமை மீட்டிங்ல பேரண்ட்ஸ்கிட்டயே கேட்டு முடிவு பண்ணிடறேன். அதுக்குள்ள நீங்க ஏதாவது காட்டணும்னா காட்டுங்க” என்றும் சொன்னார். அது அவர் நியாயம்.

நான் நல்ல தையல்காரிதான், நல்ல டீச்சராக இருக்கத்தான் சோம்பல். ஆனால் மீதிக் காலம் முழுக்க ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து துடைப்பத்தையும் சாக்பீஸையும் எண்ணிக் கொடுப்பது என்று நினைத்தால் தாங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்ன நினைத்தாளோ, எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். கிள்ளுக்கீரை என்று நினைத்துவிட்டார்களே என்ற கோபம் வீடு வந்து சேரும்வரை அடங்கவில்லை. கிள்ளக் கொடுத்துக்கொண்டு இருந்தது நான்தான் என்பதால் அது இன்னும் கூடியது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் விடுமுறையில் என் நாத்தனார் ஒரு பயிற்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அவுரி நீலத்தில் சாயம் போடுவதும், துணியை மடித்தும் கட்டியும் தைத்தும் அந்தச் சாயத்தில் முக்குகிற ஷிபோரியும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அவள் இரண்டாம் நாளே அலுத்துப் போய் நின்றுவிட்டாள். நான் கடைசிவரை போனேன். செவ்வாய்க்கிழமை காலையில் அந்த நினைவு வந்தது. பரணில் கிடந்த நீலப் பொடியை இறக்கினேன். அதைக் கரைக்கச் சுண்ணாம்பும் பழச் சர்க்கரையும் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிற வெள்ளை டிரம் ஒன்றைப் பியூனிடம் கெஞ்சி வாங்கினேன். வியாழக்கிழமைக்குள் டிரம் தயார்.

அன்று கணக்கு சாரைத் திருப்பி அனுப்பிவிட்டு எட்டாவது ‘பி’யைப் பார்த்தேன். அந்த வகுப்பை அடக்க இன்னும் ஒரு ஆள் பிறக்கவில்லை. முன்வரிசையில் ரேடியோ என்கிற பையன், தூக்கத்திலும் பேசுகிறவன். பக்கத்தில் கட்டெறும்பு. பார்க்க அத்தனூண்டு, வாயைத் திறந்தால் சுருக்கென்று கடிக்கும் பெண். “கட்டின எடத்துல சாயம் ஏறாது. கட்டாத எடத்துல ஏறும். இதுதான் பாடம், வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்லி ஆளுக்கொரு சின்னத் துணி கொடுத்தேன். விசிறி மடிப்பு, முக்கோண மடிப்பு, நடுவில் கூழாங்கல் வைத்து நூல் சுற்றுவது, ஐஸ் குச்சி இரண்டு பக்கமும் கொடுத்து ரப்பர் பேண்ட் போடுவது. வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. கை வேலை செய்யும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

முதலில் முக்கியது ரேடியோவின் துணி. மெதுவாக உள்ளே விட்டு, நுரை கிளம்பாமல் பிடித்து, மெதுவாக வெளியே எடுத்தேன். “டீச்சர், நீலம்னு சொல்லி ஏமாத்திட்டீங்க. இது பாசி” என்றான். துணி பச்சையாகத்தான் இருந்தது, குளத்தோரத்துப் பச்சை. “வாய மூடிட்டுப் பாரு” என்றேன். காற்று பட்ட ஓரங்களில் முதலில் நிறம் மாறியது. பிறகு மடிப்பின் மேலெல்லாம் பரவி, பச்சை எங்கே போனது என்று தெரியாமல் போனது. ரப்பர் பேண்டை அவிழ்த்து விரித்தால் நீலத்தில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக நின்றன. ரேடியோ வாயைத் திறந்தபடி நின்றான், சத்தம் மட்டும் வரவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. டீச்சர் வேலைக்கு வந்த புதிதில் இருந்த பெருமை அது.

அதற்குப் பிறகு டிரம் இருந்த தையல் அறை வாசலில் கூட்டம் கூட ஆரம்பித்தது. ஆறாவது பிள்ளைகள் வந்தார்கள், பத்தாவது பிள்ளைகள் வந்தார்கள், தண்ணீர் குடிக்கப் போன ஆயாம்மாவும் வந்தார். “மூடியத் தொறக்கக் கூடாது. காத்து உள்ள போனா சாயம் செத்துடும்” என்று எட்டாவது ‘பி’யிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத அறையில் இத்தனை காலம் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கூட்டமே குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பெரிய துணிகளைக் கட்டினோம். ஆளுக்கொரு வெள்ளைத் துணி, ஆளுக்கொரு யோசனை. கட்டெறும்பு ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்துச் சுருக்கி, கல் மாதிரி ஒரு முடிச்சாக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமை முக்கி, சனிக்கிழமை காலையில் பெற்றோர் வரும் வழியெல்லாம் கொடி கட்டித் தொங்கவிடுவது என்று திட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூடியைத் திறந்தேன்.

உள்ளே நீலம். அடி முதல் மேல்வரை மை ஊற்றின மாதிரி அழகான நீலம். அதுதான் கோளாறு. உயிரோடு இருக்கிற சாயத்தின் மேலே செம்புத் தகடு மாதிரி ஒரு ஆடை படர்ந்திருக்கும், அதை விலக்கினால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சை தெரியும். அந்தப் பச்சைதான் துணியில் ஏறும். டிரம்முக்குள்ளேயே நீலமாகிவிட்டால் துணியில் ஒட்டாது, அலசினால் போய்விடும். சாயம் செத்துவிட்டது.

“எவன்டா மூடியத் தொறந்தது?” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இரண்டு. பிறகு வகுப்பே கையைத் தூக்கியது. வாசலில் நின்ற ஆறாவது பிள்ளைகளும் தூக்கினார்கள். “செம்பு கலர்ல மினுமினுன்னு இருந்துச்சு டீச்சர், அதான் ஒரே ஒரு தடவ” என்றான் ரேடியோ. பள்ளிக்கூடம் மொத்தமும் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறது. யாரைத் திட்டுவது? ஆனாலும் எட்டிப் பார்த்ததில் மட்டும் இவ்வளவு பெரிய டிரம் சாகாதே என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். வாசலில் கணக்கு சார் நின்றார். அவர் கையிலிருந்த மர ஸ்கேல் பாதிக்குக் கீழே அடர்நீலமாக இருந்தது.

நான் ஸ்கேலைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். “அடியில கட்டி கட்டியா படிஞ்சிருந்துச்சு டீச்சர். நீங்க தனியா கஷ்டப்படறீங்களேன்னு, லஞ்ச்ல வந்து நல்லா கலக்கி விட்டேன். கொஞ்ச நேரம் விடாம கலக்கினேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தையல் பீரியடுக்குச் செய்த ஒரே உதவி. “காத்து போகக் கூடாது சார். நீங்க ஊருக்காத்து மொத்தத்தையும் உள்ள விட்டுட்டீங்க” என்றேன். நாளைக் காலையில் காட்ட என்னிடம் இருப்பது ஒரு கூடை வெள்ளை மூட்டைகள் மட்டுமே என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

அவர் ஸ்கேலைச் சுவரில் சாய்த்து வைத்தார். “பொழைக்க வைக்க வழி இருக்கா?”

“இருக்கு. சர்க்கரை வேணும், சுண்ணாம்பு வேணும், சூடு வேணும். சர்க்கரை தீந்து போச்சு. கனிஞ்ச பழத்த வேக வெச்சு ஊத்தினாலும் ஆகும்னு சொன்னாங்க. ஒரு வாளிக்கு எவ்வளவுன்னு தெரியும். இந்த டிரம்முக்குத் தெரியாது. நேரமும் இல்ல.”

“அடுத்த ரெண்டு பீரியடும் என்னோடது. எடுத்துக்குங்க” என்றார் அவர்.

கணக்கு பீரியட் தையலுக்குப் போவது எங்கள் பள்ளிக்கூடம் தோன்றிய நாளிலிருந்து நடக்காத ஒன்று. நான் வேண்டாம் என்று மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. ரேடியோவும் இன்னும் நாலு பேரும் பியூனோடு வாசல் பழக்கடைக்கு ஓடி, விற்காமல் தோல் கறுத்த வாழைப்பழங்களைத் தார் தாராகச் சுமந்து வந்தார்கள். சார் டிரம்மின் அகலத்தையும் உயரத்தையும் அதே நீல ஸ்கேலால் அளந்து, கொள்ளளவு என்ன, வாளியைப் போல எத்தனை மடங்கு என்று சுவரிலேயே சாக்பீஸால் எழுதினார். வகுப்பே முண்டியடித்துக்கொண்டு விடை சொன்னது. “இதே கணக்க போன வாரம் பரீட்சையில குடுத்தேன். ஒருத்தன் போடல” என்று என்னிடம் கிசுகிசுத்தார். சோதனைக்கூட அடுப்பில் பழம் கொதித்தது. வடிகட்டி ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து, இந்த முறை நான் மட்டும் ஒரே பக்கமாக மெதுவாகச் சுற்றிவிட்டு மூடியை மூடி, பழைய கம்பளியால் சுற்றி வைத்தோம். இனிமேல் காத்திருப்பதுதான் வேலை.

சனிக்கிழமை நான் சீக்கிரம் போனேன். எனக்கு முன்னாலேயே கணக்கு சாரும் கட்டெறும்பும் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். “தொடல டீச்சர். சாரையும் தொட விடல” என்றாள் அவள். மூடியைத் திறந்தேன். மேலே செம்பு ஆடை மினுங்கியது. குச்சியால் விலக்கினேன். உள்ளே பச்சை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

துணி எதுவும் இன்னும் முக்கவில்லை, கொடியில் தொங்கவிட ஒன்றும் கிடையாது. அதனால் டிரம்மையே அலுங்காமல் முற்றத்துக்கு நகர்த்திக்கொண்டு வந்து கூட்ட அறையின் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தினோம். பெற்றோர்கள் வர வர, அவரவர் பிள்ளைகள் அவரவர் மூட்டையை என் கையில் கொடுத்தார்கள். நான் முக்கி எடுக்க, பெற்றவர்கள் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எத்தனை அம்மாக்கள் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள் தெரியுமா? ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. பல்லால் கடித்து முடிச்சு அவிழ்க்கப் போன ஒரு அப்பாவை நான்தான் தடுத்தேன். கண்ணெதிரே பச்சை நீலமாவதைப் பார்த்து, பிள்ளைகளைவிட அவர்கள்தான் அதிகம் குதித்தார்கள்.

ஒருவர் மட்டும் தள்ளி நின்றார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, காதில் போன். கட்டெறும்பின் அப்பா. எக்ஸ்ட்ரா கிளாஸ் வேண்டும் என்று எல்லோரிடமும் ஆதரவு திரட்டியவர் இவர்தான் என்று பெரிய டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். படிக்கிற நேரத்துல இந்தத் துணி தொவைக்கிற வேலையால புள்ளைங்களுக்கு என்ன வரப்போகுது?”

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கட்டெறும்பு அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவிவிட்டாள். அவர் பேசப் பேச, அவள் நாலாக மடித்து, முக்கோணமாக மடித்து, கிளிப் போட்டு, “நீங்களே முக்குங்கப்பா” என்று நீட்டினாள். என்னைத் தோற்கடிப்பதற்காகவே அவர் அதை வாங்கி டிரம்முக்குள் விட்டார். கிளிப் நழுவிக் கைக்குட்டை அடியில் போய்விட்டது. “விடுங்க சார், கையுறை போட்டு எடுக்கறேன்” என்று நான் சொல்லி முடிக்கவில்லை, மனிதர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு உள்ளே கையை விட்டுவிட்டார். மகளின் மடிப்பு கலையக் கூடாது என்ற அவசரம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இடது கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அடியில் துழாவினார்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டின் மேல் பெரிய டீச்சர் மைக்கைத் தட்டினார். வளைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. “அடுத்த வருஷம் தையல் பீரியட் இருக்கணும்னு நெனக்கிறவங்க கையத் தூக்குங்க” என்றார்.

எனக்கு நிமிர்ந்து பார்க்கப் பயம். தரையில் கிடந்த ரப்பர் பேண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். ரேடியோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “டீச்சர், இங்க பாருங்க டீச்சர்.”

முற்றம் முழுக்கக் கைகள். நீல விரல்கள், நீல நகங்கள், மோதிரத்தின் இடுக்கில்கூட நீலம். பெரிய டீச்சர் ஆள்காட்டி விரலை நீட்டி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, சிரித்தார்.

எனக்குப் பக்கத்திலேயே ஒரு கை டிரம்மிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வந்து, கைக்குட்டையைப் பிடித்தபடி மேலே உயர்ந்தது. தையலுக்காகத்தான் கையைத் தூக்கினாரா, கைக்குட்டையை மகளுக்குக் காட்டினாரா என்று தெரியாமல் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. “அப்படியே இருங்கப்பா” என்றாள் கட்டெறும்பு. தோள் வரை இலைப்பச்சையாக இருந்த அந்தக் கை, வெயிலில், விரல் நுனியிலிருந்து ஆரம்பித்து, நீலமாகிக்கொண்டு வந்தது.